தலைமடையில் இருப்போரின் கடமை



லோயர் கேம்ப் என்ற எங்கள் ஊரின் பெயரே முல்லைப் பெரியாறு அணையைக் கட்ட வந்தவர்களின் முகாமால் அமைந்தது. 1895இல் அணை நிறைவுற்றபின், மேற்கே ஓடிக்கொண்டிருந்த நீர் மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பி, எங்கள் ஊரைத் தொட்டுக் கம்பம் பள்ளத்தாக்கில் பாய்கிறது. நாங்கள் பயிரிடும் பன்னீர் திராட்சையும் கடல் கடந்து வந்த கொடியே. நீரும் கொடியும் வெளியிலிருந்து வந்திருக்க, அறிவு மட்டும் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை என்று எங்கள் குடும்பம் நெடுங்காலம் எண்ணியிருந்தது.

ஒரு மழைக்காலத்தில் இலைகளின் அடியில் வெண்மை படர்ந்தது, அடிச்சாம்பல் நோய். அத்தா வழக்கம்போல் கண்ணளவில் போர்டோ கலவை தயாரித்துத் தெளித்தார். நோய் நிற்கவில்லை, இலைகளும் கருகின. ஆனைமலையன்பட்டியில் உள்ள திராட்சை ஆராய்ச்சி நிலையத்திற்குப் போய்க் கேட்போம் என்றோம். “முப்பது வருசமா பந்தல் போடுறவனுக்கு இனிமேதான் பாடமா?” என்று வருந்தினார். ஆயினும் உடன் வந்தார்.

அங்கே தெளிவு கிடைத்தது. ஒரு சதவீதக் கலவைக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ, தண்ணீர் நூறு லிட்டர். இரண்டையும் தனித்தனியே ஐம்பது லிட்டரில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்ற வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. பளபளப்பான கத்தியைக் கலவையில் சற்று நேரம் அமிழ்த்தி எடுத்தால் செம்பு படியக்கூடாது. படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, இலை கருகும் என்று பொருள். எங்கள் பிழை அதுவே.

இந்தக் கலவையின் வரலாறும் வியப்பானது. பிரான்சின் போர்டோ பகுதியில், சாலையோரக் கொடிகளின் பழத்தை வழிப்போக்கர் பறிக்காதிருக்கத் தோட்டக்காரர்கள் துத்தத்தையும் சுண்ணாம்பையும் பூசிவந்தனர். 1882இல் மில்லார்டே என்ற அறிஞர், அக்கொடிகளில் மட்டும் நோய் இல்லாததைக் கண்டு, காரணத்தை விசாரித்து, ஆராய்ந்து 1885இல் உலகிற்கு அறிவித்தார். திருட்டைத் தடுக்கச் செய்த உபாயம் ஊரார் கைமருந்தாயிற்று.

ஆனால் நாங்கள் செய்தது வேறு. “பாய், மருந்துல என்ன மாத்துனீங்க?” என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் கேட்டபோது, அளவைச் சொன்னோம், கத்திச் சோதனையைச் சொல்லவில்லை. அவர் பழம் சிறந்தால் வியாபாரி அங்கே போய்விடுவார் என்ற அச்சம். அடுத்த மழையில் அவர் பந்தலில் நோய் முற்றியது. காற்றும் சாரலும் அதை எங்கள் பந்தலுக்கும் கொண்டுவந்தன. நோய்க்கு வரப்புத் தெரியாது. அந்த அறுவடையில் பாதிக்கு மேல் இழந்தோம்.

ஒருநாள் அஸர் தொழுகைக்குப் பின் அத்தா கத்தியை எடுத்துக்கொண்டு அவரிடம் போனார். “அண்ணே, அன்னைக்கு ஒண்ணைச் சொல்லாம விட்டுட்டோம்” என்றார். பெரியவர் கோபிக்கவில்லை. கொத்துகளைச் சுற்றியுள்ள இலைகளைக் கிள்ளிக் காற்றோட்டம் தரும் தம் முறையை எங்களுக்குக் காட்டினார். அது எங்களுக்குத் தெரியாத ஒன்று.

பெருமானார் (ஸல்) அவர்கள், பாரசீகரான ஸல்மான் (ரலி) கூறிய அகழ் முறையை ஏற்று மதீனாவைக் காத்தார்கள். வெளியார் அறிவைப் பெறுவதில் இழிவில்லை என்பதற்கு இது போதும். வாய்க்கால் நீர் பற்றிய வழக்கு வந்தபோதோ, மேல்நிலத்தவரான ஸுபைர் (ரலி) அவர்களிடம், பாய்ச்சிக்கொண்டு அண்டை வீட்டாருக்கு நீரை விடும்படி பணித்தார்கள். நாங்கள் முதலாவதைக் கற்று, இரண்டாவதை மறந்திருந்தோம்.

பெரியாற்று நீர் முதலில் எங்கள் பக்கம் வருகிறது என்பதால் அது எங்களுடையதாகிவிடாது. கடை, தறி, தோட்டம் எதுவாயினும், பிறரிடம் கற்ற அறிவும் அத்தகைய அமானிதமே. தலைமடையில் நிற்பவர் மடையை அடைத்தால் கடைமடை மட்டும் காய்வதில்லை என்பதை நாங்கள் நஷ்டப்பட்டுக் கற்றோம்.

பெற்றதைப் பகிரும் மனத்தையும், அதில் பறக்கத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் அருள்வானாக. ஆமீன்.