மிளகு மணக்கும் தெருவில் ஹார்டு டிஸ்க் மாற்றுகிறார்கள்

கொச்சியின் மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் கண்ணுக்கு முன்னால் மூக்குதான் ஊரைத் தெரிந்துகொள்கிறது. சுக்கு, மிளகு, ஏலம், ஈரச் சாக்கு. 1568-இல் எழுந்த பரதேசி யூத ஆலயம் இருக்கும் யூதத் தெருவில்தான் மிளகு வணிகர் சங்கத்தின் கட்டடமும் இருக்கிறது. வியாபாரிகள் கூவிக் கூவி மிளகுக்கு முன்பேர விலை வைத்த கூடம் அது. அந்தக் கூச்சல் பின்னாளில் கணினித் திரைக்குள் போய் அடங்கிவிட்டது.

இன்று ஒரு மண்டியின் உயிர் தராசில் பாதி, கணினியில் பாதி. கணினி படுத்துவிட்டால் வந்து நிற்பது இந்த வட்டாரத்தின் சிறிய பழுதுபார்க்கும் கடைகளில்தான். அப்படியொரு கடையில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஐம்பதைக் கடந்த மெக்கானிக் ஒருவர், அவரிடம் தொழில் கற்கும் இளைஞன், ஒரே மேசை.

முதலில் வந்தவர் ஒரு மசாலா மண்டியின் கணக்குப்பிள்ளை, தமிழர். சி.பி.யு.வை மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுவந்திருந்தார்.

"ஆன் பண்ணிட்டு டீ குடிச்சுட்டு வந்தாலும் திறக்க மாட்டேங்குது. ஃபார்மட் மட்டும் பண்ணிடாதே மோனே, டாலி கணக்கு மொத்தமும் உள்ளேதான் இருக்கு."

"ஃபார்மட் இல்ல சாரே, க்ளோன்தான்" என்றார் மூத்தவர்.

புதிதாக ஓ.எஸ். போடுவது எளிது. இருப்பதை இருந்தபடியே புது எஸ்.எஸ்.டி.க்குக் குடியேற்றுவதில்தான் கைத்திறன் இருக்கிறது. மூத்தவர் உடனே நகலெடுக்கத் தொடங்கவில்லை. டிஸ்க் தன்னைப் பற்றித் தானே எழுதிவைக்கும் 'ஸ்மார்ட்' குறிப்பைத் திறந்தார். பழுதான இடங்களுக்குப் பதிலாக எத்தனை இடங்களை அது மாற்றிக்கொண்டது, எத்தனை இடங்கள் படிக்க முடியாமல் காத்திருக்கின்றன என்பதெல்லாம் அதில் எண்களாக இருக்கும். காத்திருப்பவை பூஜ்யமாக இல்லாவிட்டால் சாதாரண க்ளோன் பாதியில் நின்றுபோகலாம். அப்போது 'டிடிரெஸ்க்யூ' என்ற இலவச மென்பொருளை எடுக்கிறார்கள். எளிதில் படிக்க முடிந்ததையெல்லாம் அது முதலில் காப்பாற்றிவிடும். முரண்டுபிடிக்கும் இடங்களுக்கு அப்புறம்தான் திரும்பி வரும். எங்கே விட்டோம் என்பதையும் ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளும். கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

இந்த டிஸ்கில் பூஜ்யம்தான். இளைஞன் முகத்தில் சிரிப்பு.

சி டிரைவை மட்டும் நகலெடுத்தால் கணினி எழுந்திருக்காது என்பது அவன் கற்ற முதல் பாடமாம். பூட் ஆவதற்கான சிறிய இ.எஃப்.ஐ. பகுதி ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் முன்னால் ஒளிந்திருக்கும். அதுவும் கூடவே வர வேண்டும். லேப்டாப்பாக இருந்தால் பிட்லாக்கர் பூட்டு இருக்கிறதா என்றும் பார்க்கிறார்கள். இருந்தால் 48 இலக்கச் சாவி கேட்கும். வாடிக்கையாளர்களில் பலருக்கு அப்படியொரு சாவி இருப்பதே அங்கே வந்துதான் தெரிகிறது. டாலி உரிமமும் கணினியின் உறுப்புகளோடு பிணைந்தது. அதனால் பழைய டிஸ்க் ஓடும்போதே அதை 'சரண்டர்' செய்துவைத்தார்கள்.

க்ளோன் ஓடிக்கொண்டிருந்தபோது ஒரு டி.டி.பி. கடைக்காரர் வந்தார். கல்யாணப் பத்திரிகை, நோட்டீஸ் எல்லாம் அவர் இன்னும் பேஜ்மேக்கரில்தான் செய்கிறார். அதன் கடைசிப் பதிப்பு 2001-இல் வந்தது. கூடவே யூனிகோடுக்கு முந்தைய மலையாள எழுத்துருக்கள். இதையெல்லாம் புது விண்டோஸில் மறுபடி அமைப்பது பெரும்பாடு. பள்ளிகளின் கதை வேறு. கேரள அரசுப் பள்ளிகளின் கணினிகளில், உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட 'கைட் குனூ/லினக்ஸ்' ஓடுகிறது. அங்கே எல்லா இயந்திரத்துக்கும் ஒரே பாடம், ஒரே மென்பொருள். புதிதாகப் போடுவதே சரி. இவருக்கோ இருபது வருடப் பழக்கம் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. க்ளோன் என்பது இவருடைய பிழைப்பைக் காப்பாற்றும் வேலை என்றே எனக்குப் பட்டது.

நகல் முடிந்ததும் பழைய டிஸ்கின் கேபிளைக் கழற்றிய பிறகே மூத்தவர் சுவிட்சைத் தொட்டார். இரண்டுக்கும் இப்போது ஒரே அடையாள எண். ஒன்றாக மாட்டி எழுப்பினால் கணினி குழம்பும். பழையதில் நிமிடத்துக்கு 7,200 முறை தட்டு சுழல வேண்டும், அதன் மேல் ஊசி ஓடித் தேட வேண்டும், எஸ்.எஸ்.டி.யில் அசையும் உறுப்பே கிடையாது. கணக்குப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொள்வதற்குள் திரை வந்துவிட்டது. அவர் நேராக டாலியைத் திறந்து, நேற்றைய கடைசி பில்லைத் தேடிப் பார்த்த பிறகுதான் தலையசைத்தார்.

பழைய டிஸ்கில் ஒட்டுத்தாளை ஒட்டி, அதில் தேதி எழுதி அவர் கையிலேயே கொடுத்தார்கள். "ஒரு மாசம் இதைத் தொடாதீங்க சாரே" என்றான் இளைஞன்.

2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்துவிட்டதால், விண்டோஸை மாற்றும் பலரும் டிஸ்கையும் சேர்த்தே மாற்றுகிறார்கள். நீங்களும் மாற்றினால் பழைய டிஸ்கைக் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள். புதியதில் எல்லாம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கும்வரை, அது அழிக்கப்படாமல் உங்கள் அலமாரியிலேயே இருக்கட்டும்.