முதல் தூறலுக்கு ஒரு டீ!

கொட்டுகிற மழையைவிட எனக்குப் பயம், முதல் பத்து நிமிஷத் தூறல்தான். பல நாள் வெயிலில் ரோட்டில் சொட்டின ஆயிலும் டீசலும் தூசியும் அப்போதுதான் தண்ணியோடு குழைந்து வழவழக்கும். நல்லா அடிச்சுப் பெய்தால் பெரும்பாலும் கழுவிக்கொண்டு போய்விடும். அதனால் தூறல் விழுந்ததுமே பைக்கை ஓரங்கட்டி, ஒரு டீ சொல்லிவிடுவேன்.

அப்புறம் கிளம்பினாலும் ஜீப்ரா கிராஸிங் வெள்ளைப் பட்டை, சாக்கடையின் இரும்பு மூடி... இதன் மேலெல்லாம் பிரேக்கைத் தொடமாட்டேன், வண்டியைச் சாய்க்கமாட்டேன். முன்கூட்டியே வேகத்தைக் குறைத்து, நேராக ஏறி இறங்குவதுதான். மற்ற இடங்களில் முன் பிரேக், பின் பிரேக் இரண்டும் சேர்த்து, பதமாக! 2019-லிருந்து 125 சி.சி.க்கு மேற்பட்ட புது பைக்குகளில் ஏ.பி.எஸ். கட்டாயம். பிரேக் அடித்தால் சக்கரம் இறுகி நின்றுவிடாமல் அது பார்த்துக்கொள்ளும். வழுக்குகிற ரோட்டைச் சொரசொரப்பாக்க அதனால் முடியாதே!

லேட்டாகப் போனால் மேனேஜர் முறைப்பார். முறைக்கட்டுமே... அதுக்கெல்லாம் மாவுக்கட்டு போடவேண்டியதில்லை!