பூட்ட மறந்த அலமாரி

ரோமாபுரியில் ஸான் லொரன்ஸோ என்னும் ஏழைகளின் பேட்டையில், 1907 ஜனவரியில் மரியா மாண்டிசோரி அம்மையார் தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், உபகரணங்களையெல்லாம் ஓர் அலமாரியில் வைத்துப் பூட்டி, வேண்டும்போது ஆசிரியையே எடுத்துக் கொடுப்பது ஆரம்பத்தில் வழக்கமாக இருந்தது. ஒரு நாள் பூட்ட மறந்து, மறுநாள் தாமதமாக வந்த ஆசிரியை, குழந்தைகள் தாமே அவற்றை எடுத்துக்கொண்டு ஈடுபட்டிருக்கக் கண்டு, அதைத் திருட்டு என்றே எண்ணினார். அம்மையாரோ, தனக்கு வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் சக்தி குழந்தைக்கு உண்டென்பதற்கு அதையே அத்தாட்சியாகக் கொண்டு, சிறு கைகளுக்கு எட்டுமாறு தாழ்ந்த அலமாரிகளைச் செய்வித்தார்.

அலமாரியின் உயரம் ஒன்று மாறியதால் விளையாட்டின் சுபாவமே மாறிவிட்டது என்பதை நம் பள்ளிகளைக் கட்டுவோர் சிந்திக்க வேண்டும். நீண்ட பெஞ்சியில் நெருக்கி உட்கார்த்தப்பட்ட குழந்தையிடமிருந்து விளையாட்டு போய்விடுவதில்லை. அது மேஜைக்கு அடியில் இறங்கி, காலால் உதைப்பதாகவும், அடுத்தவள் பின்னலை இழுப்பதாகவும் உருமாறி, குறும்பு என்ற பெயரில் தண்டனை பெறுகிறது. நம் பழைய திண்ணைப் பள்ளிக்கூடத்தில் கண்டிப்பு குறைவாக இருந்ததில்லை. ஆயினும் அங்கே பரப்பியிருந்த மணலில் அகரம் எழுதிய விரலே அடுத்த கணம் கிணறு தோண்டவும் இடமிருந்தது.

1939ல் அடையாற்றுக்கு வந்து, யுத்த காலத்தில் கோடைக்கானலிலும் தங்கி, 1946 வரை இந்நாட்டில் போதித்த அம்மையாரிடம் எனக்குள்ள பக்தி பெரிது. ஆனாலும் அவருடைய வகுப்பில் ஒவ்வொரு பொருளுக்கும் ஒரே உபயோகம் விதித்திருப்பதையும், அளவு வரிசைப்படி கோபுரமாக அடுக்க வேண்டிய கட்டைகளை ரயிலாக ஓட்டும் குழந்தை அன்போடு திருப்பப்படுவதையும் என் மனம் ஒப்பவில்லை. புளியங்கொட்டையை ஒரு நாழிகை அரிசியாகவும் மறு நாழிகை காசாகவும் காணும் கற்பனை, வாழ்க்கையிலிருந்து விலகுவதன்று. வாழ்க்கையைக் கையில் எடுத்துப் பார்ப்பதே அது.

கடை வைத்து விளையாட வேண்டுமானால், விற்பவளும் வாங்குகிறவளும் ஒருவரையொருவர் பார்த்து உட்கார வேண்டும். எல்லா முகங்களும் கரும்பலகையை நோக்கியிருக்கும் அறையில் அது எங்ஙனம் கூடும்? ஆகையால், பாலர் வகுப்புக்கு இத்தனை நாற்காலி, இத்தனை மேஜை என்று கணக்கெழுதும் நிர்வாகிகள், சுவரோரமாக ஒரு பாய் விரிக்குமளவு தரையை வெறுமையாக விட்டு, கொட்டாங்கச்சியும் மரத்துண்டும் பழந்துணியும் போட்ட ஒரு கூடையை அங்கே வைத்து, அவற்றைக்கொண்டு என்ன செய்ய வேண்டும் என்பதை யாரும் சொல்லாதிருக்க ஏற்பாடு செய்யும்படி வேண்டிக்கொள்கிறேன்.