இறங்கும் வீடு

போன செமஸ்டர் செமினார்ல நான் பதினஞ்சு நிமிஷம் பேசினேன். ஒரே ஒரு கேள்வியில மாட்டிக்கிட்டேன்.

தலைப்பு, சுவிட்சர்லாந்தின் வால்ஸ் கிராமத்து மர வீடுகள். ஆல்ப்ஸ் மலைக்குள்ள சுமார் 1,250 மீட்டர் உயரத்துல இருக்கிற ஊர். ஆயிரம் பேர் அளவுக்குத்தான் ஜனத்தொகை. வெந்நீர் ஊற்று இருக்கிறதால டூரிஸ்ட் கூட்டம் வரும். அங்கே பீட்டர் சூம்தோர் என்ற ஆர்க்கிடெக்ட் வடிவமைச்சு 1996-ல் திறந்த குளியல் கட்டிடம் உலகப் பிரபலம். கிட்டத்தட்ட 60,000 கல் பலகைகளை அடுக்கிக் கட்டியது.

எனக்குப் பிடிச்சது அந்தக் கல் கட்டிடம் இல்லை. வால்ஸுக்கு மேலே, 1,500 மீட்டர் உயரத்துல லைஸ்னு ஒரு குட்டி குடியிருப்பு இருக்கு. அங்கே 2009-ல் அதே சூம்தோர் இரண்டு மர வீடு கட்டினார். மர வீட்டுல வாழணும்ங்கிறது அவர் மனைவி அன்னலிசாவோட ஆசை. சூம்தோருக்கும் மரம் புதுசு இல்லை. தச்சு வேலை கத்துக்கிட்ட பிறகுதான் ஆர்க்கிடெக்ட் ஆனவர் அவர்.

அந்தப் பக்கத்து பழைய முறைக்கு 'ஸ்ட்ரிக்பாவ்'னு பேர். பின்னல் கட்டுமானம்னு சொல்லலாம். மரக்கட்டைகளைப் படுக்கவாட்டில் ஒன்று மேல் ஒன்றா அடுக்கி, மூலைகள்ல காடி வெட்டிப் பின்னிடுவாங்க. தூண் கிடையாது. சுவரேதான் பாரம் தாங்கும். லைஸ் வீடுகளும் இந்த வழியில வந்தவைதான். ஆனா பழைய வீடுகள்ல ஜன்னல் சின்னதா இருக்கும், ஏன்னா ஜன்னலுக்காகக் கட்டையை அறுத்தா அந்த இடத்துல பிடிப்பு குறைஞ்சிடும். சூம்தோர் வீட்டுலயோ பள்ளத்தாக்கைப் பார்த்து பெரிய பெரிய ஜன்னல்கள்.

இதையெல்லாம் சொல்லி முடிச்சேன். "தீப்பிடிச்சா?"ன்னு பின் பெஞ்ச்ல இருந்து கேட்டாங்க. அதுக்கு ரெடியா இருந்தேன். தடிமனான மரம் எரியும்போது வெளிப்பக்கம் கரியாகும், அந்தக் கரியே உள்ளே இருக்கிற மரத்துக்குக் கவசம். நிமிஷத்துக்கு ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாத்தான் உள்ளே போகும். கைதட்டல் கூட வந்தது.

அப்புறம் மேடம் கேட்டாங்க: "சரிப்பா, மரம் காய்ஞ்சா சுருங்கும். சுவர் இறங்கும். ஜன்னல் என்ன ஆகும்?"

"தெரியல மேடம்."

"கண்டுபிடிச்சிட்டு வா. அதுக்கப்புறம் மார்க் போடுறேன்."

அன்னிக்கு ராத்திரி ஹாஸ்டல்ல உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பைன் வகை மரத்துல ஈரப்பதம் 1 சதவீதம் குறைஞ்சா, நாருக்குக் குறுக்கே சுமார் 0.25 சதவீதம் சுருங்கும். நார் ஓடுற திசையில சுருக்கம் அதுல இருபதில் ஒரு பங்கு கூட வராது. 2.5 மீட்டர் உயரச் சுவர், ஈரப்பதம் 4 சதவீதம் குறையுதுன்னு வச்சுக்கோங்க. கட்டைகள் படுத்திருக்கு, அதனால சுவர் 25 மில்லிமீட்டர் இறங்கும். பக்கத்துலயே நிமிர்ந்து நிற்கிற ஜன்னல் ஃபிரேம் 1 மில்லிமீட்டர் கூட இறங்காது. ஆக, மொத்தச் சுவரும் வந்து கண்ணாடி மேல உட்காரும்!

அதைத் தடுக்க யாரும் சுவரை இறுக்கிப் பிடிக்கிறது இல்லை. ஃபிரேமுக்கு மேல இடைவெளி விட்டு, கம்பளி மாதிரி அமுங்குற பொருளை அடைச்சு, மேல ஒரு பலகையால மறைச்சிடுறாங்க. பைப்புக்கு நழுவுற இணைப்பு. புகைபோக்கியைக் கட்டைகளோட சேர்த்துக் கட்டாம தனியா நிக்க விடுறாங்க. வீடு இறங்கப் போகுதுன்னு தெரிஞ்சே, அது இறங்க வழி விட்டு வரையுறாங்க. மூணு வருஷமா சாஃப்ட்வேர்ல எல்லா ஜாயின்ட்டையும் ஃபிக்ஸட்னு கிளிக் பண்ணியே பழகின எனக்கு இது சுருக்குன்னு இருந்தது.

அந்தக் கணக்குல இன்னொரு விஷயமும் மாட்டினது. அந்த 4 சதவீத ஈரம் எப்போ போகும்? ஆள் குடியேறி, ஹீட்டர் ஓடி, அடுப்பு எரிஞ்ச பிறகுதான் பெரும்பாலும் போகும். ஆனா ஆல்ப்ஸ் சுற்றுலா ஊர்கள்ல வருஷத்துல சில வாரம் மட்டும் திறக்கிற விடுமுறை வீடுகள் ஏராளம். 'குளிர்ந்த படுக்கைகள்'னு அங்கே ஒரு சொல்லே உண்டு. இப்படி வீடுகள் பெருகினா நிலம் விலை ஏறும், உள்ளூர்க்காரங்களுக்கு வீடு கிடைக்காது. 2012 மார்ச்ல சுவிஸ் மக்கள் இதுக்காகவே வாக்களிச்சாங்க: எந்த ஊரிலும் இரண்டாம் வீடுகள் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. 50.6 சதவீத ஆதரவுல, மயிரிழையில ஜெயிச்சது. லைஸ் வீடுகளை விடுமுறைக்கு வர்றவங்களுக்கு வாடகைக்கு விடுறாங்க. பூட்டி வைக்கிறதுக்கு அது எவ்வளவோ மேல். இருந்தாலும் வாரத்துக்கு ஒரு குடும்பம் வந்து போறதும், ஒரே குடும்பம் முப்பது வருஷம் வாழ்றதும் ஒண்ணான்னு எனக்கு இன்னும் பதில் கிடைக்கலை.

அடுத்த வாரம் மேடம்கிட்ட போனேன். 25 மில்லிமீட்டர் இடைவெளியோட ஜன்னல் டிராயிங்கைக் காட்டினேன். கடைசி ஸ்லைடுல 'இந்த வீட்டில் யார் இருப்பார்கள்?'னு மட்டும் போட்டிருந்தேன்.

டிராயிங்குக்கு மார்க் போட்டுட்டாங்க. கடைசி ஸ்லைடைக் கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "இது சிலபஸ்ல இல்லையேப்பா"ன்னாங்க. எடுக்கச் சொல்லலை. அப்படியே விட்டு வச்சிருக்கேன்.