மூணு வருஷ சிவப்புச் சட்டை!

ஒன்பது விமானங்கள் வைர வடிவத்தில் தலைக்கு மேல் போகும்போது எல்லோரும் 'ஆ'வென்று வாயைப் பிளப்பார்கள். நானும்தான். ஆனால், ஆபீஸில் குப்பை கொட்டுகிற ஜென்மமாயிற்றே... வாயை மூடியதும் எனக்கு வருகிற சந்தேகமே வேறு. 'இந்த வேலைக்கு எங்கே அப்ளிகேஷன் போடணும்? சீனியாரிட்டி உண்டா? இதற்கு அடுத்த பிரமோஷன் என்ன? ரிடையர் ஆகிற வரைக்கும் இப்படியே ஆகாயத்தில் குட்டிக்கரணம் அடித்துக்கொண்டே இருப்பார்களா?'

சும்மா இருக்க முடியாமல் தோண்டிப் பார்த்தேன். நம் விமானப்படையின் சூர்யகிரண் குழு 1996-ல் கர்நாடகத்தில் உள்ள பீதரில் ஆரம்பிக்கப்பட்டது. (முதல் பொதுக் காட்சியே நம்ம கோயம்புத்தூரில்தான், அதே வருஷம் செப்டம்பரில்!) அமெரிக்காவில் தண்டர்பேர்ட்ஸ், புளூ ஏஞ்சல்ஸ் என்று இரண்டு குழுக்கள். பிரிட்டனில் ரெட் ஆரோஸ். உத்தியோக விதிமுறை என்று பார்த்தால் எல்லா இடத்திலும் கதை ஏறக்குறைய ஒன்றுதான். இருந்தாலும், இதை ரொம்பப் பளிச்சென்று வகுத்து வைத்திருப்பவர்கள் ரெட் ஆரோஸ்காரர்கள். அதனால் அவர்களை வைத்தே சொல்லிவிடுகிறேன்.

முதல் அதிர்ச்சி: இது ஒரு வேலையே இல்லை. அதாவது, 'சாகச விமானி' என்று நேரடியாக யாரையும் எடுப்பதில்லை. முதலில் பிரிட்டிஷ் விமானப்படையில் சேர்ந்து, பயிற்சி முடித்து, நிஜமான போர் விமானத்தில் குறைந்தது ஒரு போஸ்டிங்காவது முழுசாக முடித்திருக்க வேண்டும். ஜெட் விமானத்தில் 1,500 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். மேலதிகாரி ரிப்போர்ட்டில் 'சராசரிக்கு மேல்' என்று இருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் விண்ணப்பம்.

1,500 மணி நேரம் என்றால் நம்ம கணக்கில் எட்டு மணி நேரம் வீதம் 188 நாள். பூ, இவ்வளவுதானா என்று நினைக்காதீர்கள். போர் விமானத்தில் தினமும் எட்டு மணி நேரம் யாரும் உட்கார்ந்திருப்பதில்லை. ஒரு மணி, ஒன்றரை மணி என்று உண்டியலில் போடுகிற மாதிரி வருஷக்கணக்கில் சேர்க்க வேண்டிய காசு அது.

அடுத்து செலக்ஷன். முதல் வடிகட்டலில் தேறியவர்களை, குழு பயிற்சி செய்கிற இடத்துக்கே வரவழைக்கிறார்கள். பறந்து காட்ட வேண்டும். இன்டர்வியூ உண்டு. எல்லாவற்றையும்விட முக்கியம், இப்போது குழுவில் இருக்கிற விமானிகள் இவர்களோடு பழகிப் பார்த்து, 'இந்த ஆளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நம்மால் பறக்க முடியுமா' என்று முடிவு செய்வது. புளூ ஏஞ்சல்ஸில் இன்னும் ஒரு படி மேலே... இருக்கிறவர்கள் ஒருமனதாகத் தலையாட்டினால்தான் புதியவருக்கு இடம்.

நம் ஆபீஸில் இப்படி ஒரு வழக்கம் இருந்தால் எத்தனை பேர் தேறியிருப்போம் என்று யோசித்தேன். வேண்டாம், விடுங்கள்!

தேர்வாகிவிட்டால் உடனே அந்தப் பிரசித்தி பெற்ற சிவப்பு உடையை மாட்டிக்கொண்டு போஸ் கொடுக்கலாம் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் கிடையாது. குளிர்காலம் முழுக்கப் பச்சை உடையில்தான் பயிற்சி. ஒரு நாளைக்கு மூன்று தடவை பறக்க வேண்டும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று விமானங்கள், அப்புறம் நாலைந்து என்று கூட்டிக்கொண்டே போய்க் கடைசியில் ஒன்பது. வசந்தகாலம் முடிகிற சமயத்தில் ஓர் உயரதிகாரி வந்து முழுக் காட்சியையும் பார்த்து, 'சரி, ஜனங்களுக்குக் காட்டலாம்' என்று கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்குத்தான் சிவப்பு உடை.

இப்போது சொல்லப்போவதுதான் நம்மவர்களுக்குச் சுத்தமாகப் புரியாத சங்கதி. அங்கே ஜூனியர் முன்னால், சீனியர் பின்னால்! புதிதாக வந்தவர் தலைவருக்குப் பக்கத்தில் பறப்பார். அனுபவம் ஏற ஏறப் பின்வரிசைக்குப் போவார். காரணம் இருக்கிறது. பிள்ளைகள் கை கோத்து ரயில் விளையாடும்போது பார்த்திருப்பீர்கள், முன்னால் இருப்பவன் லேசாக வளைந்தால் வால் பையன் தூக்கியடிக்கப்படுவான். ஆகாயத்திலும் அதே கதைதான். மணிக்கு 600 கிலோமீட்டர் வாக்கில், பக்கத்து விமானத்துக்கு ஆறடி தூரத்தில், அந்த வாலைப் பிடித்துக்கொண்டு போக அனுபவசாலி வேண்டும். கடைசி வரிசையில் யாரும் கவனிக்காதபடி ஒருவர் பறந்தார் என்றால், அவர்தான் அங்கே கெட்டிக்காரர்.

சரி, அவருக்கு ஜுரம் வந்தால்? லீவ் வேகன்ஸியில் வேறு ஆள் போடுவார்களா? மாட்டார்கள். ரெட் ஆரோஸில் ரிசர்வ் விமானி என்று யாரும் இல்லை. ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு வித்தை. அதைத் தினமும் செய்யாதவரால் திடீரென்று வந்து செய்ய முடியாது. ஒருவர் வராவிட்டால் எட்டுப் பேர் பறப்பார்கள். தலைவரே படுத்துவிட்டால் காட்சி ரத்து. 'நான் இல்லாட்டி இந்த ஆபீஸே ஓடாது சார்' என்று நாம் டீக்கடையில் அளக்கிறோமே, அது நிஜமாகவே பொருந்துகிற ஒரே உத்தியோகம் இதுதான் என்று நினைக்கிறேன்.

இதன் வலி தெரிந்த வருஷம் 2011. போர்ன்மவுத் நகரில் காட்சியை முடித்துத் திரும்பும்போது ஒரு விமானி இறந்தார். மூன்றே மாதத்தில், தரையில் நின்றிருந்த விமானத்தின் எஜெக்ஷன் சீட் தானாகக் கிளம்பியதில் இன்னொருவர். மறு வருஷக் காட்சிகளில் ரெட் ஆரோஸ் ஏழு விமானங்களோடுதான் பறந்தது. நம் சூர்யகிரணும் இந்தத் துக்கத்துக்குத் தப்பவில்லை. 2019 பிப்ரவரி 19, பெங்களூரு எலஹங்கா. மறுநாள் துவங்க இருந்த விமானக் கண்காட்சிக்கான ஒத்திகையில் இரண்டு ஹாக் விமானங்கள் மோதிக்கொண்டன. இரண்டு விமானிகள் குதித்துத் தப்பினார்கள். விங் கமாண்டர் சாஹில் காந்தி திரும்பவில்லை.

உயிரைப் பணயம் வைத்து, இத்தனை வடிகட்டலில் தேறி, வாலைப் பிடிக்கிற அளவுக்குக் கை பழகியதும் என்ன பரிசு தெரியுமா? டிரான்ஸ்ஃபர்!

ஆமாம், மூன்றே வருஷம்தான். சிவப்பு உடையைக் கழற்றி வைத்துவிட்டுப் பழையபடி போர்ப் படைப் பிரிவுக்கோ, பயிற்சிப் பள்ளிக்கோ, ஏதாவது தலைமை அலுவலகத்தில் ஃபைல் பார்க்கவோ போக வேண்டியதுதான். 

எனக்கு முதலில் இது பெரிய அநியாயமாகப் பட்டது. தேறிய கையை வெளியே அனுப்புவார்களா யாராவது? அப்புறம் கணக்குப் போட்டதும் விளங்கியது. வழக்கமாக வருஷத்துக்கு மூன்று பேர் போவார்கள், மூன்று பேர் வருவார்கள். ஆக, எந்த வருஷம் பார்த்தாலும் புதியவர், ஒரு வருஷம் பழகியவர், இரண்டு வருஷம் பழகியவர் என்று கலந்தே இருப்பார்கள். வித்தை ஒருத்தர் பாக்கெட்டில் பூட்டிக் கிடப்பதில்லை. தவிர, தலைவராக வர வேண்டுமானால் முன்பு அந்த மூன்று வருஷத்தைக் குழுவில் கழித்தவராக இருக்க வேண்டும். வெளியே போய், வேறு வேலை பார்த்து, முதிர்ந்து திரும்பி வந்தவர்தான் தலைவர்.

நம்ம ஊரில் விமானத்துக்கே டிரான்ஸ்ஃபர் வந்த கதை உண்டு! பயிற்சி விமானங்களுக்குத் தட்டுப்பாடு என்று 2011-ல் சூர்யகிரண் குழுவை நிறுத்திவைத்தார்கள். சிவப்பும் வெள்ளையுமாக ஜொலித்த கிரண் விமானங்கள், பழையபடி பையன்களுக்குப் பாடம் நடத்தப் போய்விட்டன. 2015-ல் ஹாக் விமானங்களோடு குழு மறுபடி உயிர் பெற்றது.

போனவர்கள் என்ன ஆனார்கள்? இரண்டு பேரைச் சொல்கிறேன். மெரில் மெக்பீக், தண்டர்பேர்ட்ஸ் விமானி. 1967-ல் டெக்சாஸில் காட்சி நடக்கும்போதே விமானம் உடைந்து, குதித்துப் பிழைத்தவர். குழுவிலிருந்து வியட்நாம் போருக்குப் போய் 269 முறை பறந்தார். 1990-ல் அமெரிக்க விமானப்படைக்கே தளபதி ஆனார். இன்னொருவர் நிக்கோல் மாலச்சோவ்ஸ்கி. 2006, 2007-ல் பறந்த, தண்டர்பேர்ட்ஸின் முதல் பெண் விமானி. பிறகு ஒரு போர் விமானப் பிரிவுக்கே கமாண்டர். அப்புறம் உண்ணிக்கடியால் வந்த நோய் நரம்பைப் பாதித்து, பறக்கவே முடியாமல் 2017-ல் ஓய்வு பெற்றார். அந்த இரண்டு வருஷப் புகழ் ஒருவரைத் தளபதியாக்கவும் இல்லை, இன்னொருவரை நோயிலிருந்து காப்பாற்றவும் இல்லை. அடுத்தடுத்த வேலையை அவர்கள் புதிதாகத்தான் தொடங்க வேண்டியிருந்தது.

அப்படியானால் மூன்று வருஷத்தில் மிச்சம் என்ன? எனக்குத் தோன்றுவது இதுதான். ஒவ்வொரு முறை தரையிறங்கியதும் ரெட் ஆரோஸ்காரர்கள் அறைக்குள் உட்கார்ந்து, தாங்கள் பறந்ததை வீடியோவில் போட்டுப் பார்க்கிறார்கள். அங்கே பதவி கிடையாது. தலைவர் உட்பட அவரவர் தவறை அவரவரே முதலில் சொல்லிவிட வேண்டும். மூன்று வருஷம் இதைச் செய்தவருக்கு அது பழக்கமாகிவிடும். சிவப்புச் சட்டையைத் திருப்பிக் கொடுக்கலாம். இந்தப் பழக்கத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது.

நல்ல சீட் கிடைத்தால் துண்டு போட்டு உட்கார்ந்து, சாவியை இடுப்பில் செருகிக்கொள்கிற இளைஞர்கள் ஒன்றை நினைத்துப் பார்க்கலாம். நாலாவது வருஷம் அந்த விமானி ஏதோ ஒரு தளத்தில், சாதாரணப் பச்சை உடையில், ஒரு பயிற்சி விமானத்தின் பின் சீட்டில் உட்கார்ந்திருப்பார். முன் சீட்டில் இருபது சொச்சம் வயசுப் பையன், அடுத்த விமானத்தை நெருங்கப் பயந்து வேர்த்துக்கொண்டிருப்பான். 'இன்னும் கொஞ்சம் கிட்டே போப்பா, ஒண்ணும் ஆகாது' என்று சொல்ல அந்த இடத்தில் அவரைவிடப் பொருத்தமான ஆள் உலகத்தில் கிடையாது.

கீழே கைதட்ட ஒரு ஜனம் இருக்காது. சம்பளம் மட்டும் ஒண்ணாம் தேதி கரெக்டாக வந்துவிடும்!