போடிமெட்டுப் பிரயாணம்

நம்மவர்களில் புருஷனும் மனைவியுமாகச் சேர்ந்து பிரயாணம் செய்வதற்குக் காரணங்களுக்குக் குறைவே கிடையாது. கல்யாணம், காதுகுத்து, கருமாதி, குலதெய்வத்துக்கு முடியிறக்குதல், பெண்ணுக்கு வரன் பார்த்தல் என்று வருஷம் முழுவதும் போய்க்கொண்டேயிருக்கலாம். ஆனால் ஒரு காரியமும் இல்லாமல், ஒரு சாலையில் மெதுவாகப் போய்விட்டு மெதுவாகத் திரும்பி வருவதென்றால், அதை அண்டை வீட்டாருக்கு விளக்கிச் சொல்வது பிரம்மப் பிரயத்தனம். "மேலே உங்களுக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார் எதிர்வீட்டுப் பெரியவர். "ஒருவரும் இல்லை" என்றேன். "பின்னே எதற்கு?" என்றார். அதற்கு நான் படித்த எம்.ஏ. படிப்பில் பதில் இல்லை.

காலாண்டுப் பரீட்சை விடுமுறை வந்ததும், எங்கள் பள்ளிக்கூடத்துப் பூகோள ஆசிரியர் கடற்கரைச் சாலைதான் தம்பதிகளுக்கு ஏற்றது என்று சிபாரிசு செய்தார். கன்னியாகுமரியில் புறப்பட்டுக் கடலை ஒரு பக்கத்தில் வைத்துக்கொண்டே போகவேண்டுமாம். நான் சம்மதித்துவிட்டேன். என் மனைவிதான் சம்மதிக்கவில்லை. "கடல் எங்கே போய்விடப் போகிறது? எங்கள் ஊர் மலையை நான் இதுவரை ஏறினதில்லை" என்றாள்.

அவள் பிறந்தது போடிநாயக்கனூரில். கல்யாணமாகும்வரை வளர்ந்ததும் அங்கேதான். வாசலில் நின்றால் மேற்கே மலை. மொட்டைமாடியில் ஏறினாலும் மலை. வெளியூர்க்காரர்கள் ஆயிரக்கணக்கில் வந்து, ஏறி, படம் பிடித்துக்கொண்டு இறங்குகிற மலை. அதை ஏறாமலே ஒருத்தி நாற்பது வயதைக் கடந்திருக்கிறாள் என்றால் நேயர்கள் ஆச்சரியப்படுவார்கள். நானும் கல்யாணமான புதிதில் ஆச்சரியப்பட்டேன். "மலைக்குப் போவதென்றால் எங்கள் தெருவில் கூலிக்குப் போவதென்று அர்த்தம். சும்மா யாராவது போவார்களா?" என்றாள் அப்போது. அவளுடைய தாயார் இருபது வருஷத்துக்கு மேல் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கப் போய்க் குடும்பத்தைக் காப்பாற்றியவர். சென்ற வருஷம் காலமாகிவிட்டார்.

ஆகவே கடற்கரையைப் பூகோள ஆசிரியருக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, மதுரையிலிருந்து போடிக்குப் புறப்பட்டோம். அவருடைய மனம் நோகாமலிருக்க ஒன்று சொல்லி வைத்தேன்: இந்தச் சாலையும் கடலை அறியாத சாலை அல்ல. அரபிக்கடலோரம் கொச்சியில் தொடங்கி, மூணாறு, பூப்பாறை, போடிமெட்டு, தேனி, மதுரை வழியாக வங்கக்கடலோரம் தொண்டியில் போய் முடிகிறது இந்த 85-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை. இரண்டு கடல்களுக்கும் நடுவில் ஒரு மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது; அதை ஏறி இறங்குவதுதான் இச்சாலையின் பெருமை.

போடிநாயக்கனூரைப் பற்றி இரண்டு வார்த்தை. ஏலத்தை ஏலம் போடுகிற ஊர் இது. முதல் ஏலம் செடி. நம் சொந்தச் சொல். இரண்டாவது ஏலம் போர்த்துக்கேசியர் கொண்டுவந்து விட்டுப்போன சொல் என்பார்கள். இரண்டும் ஒரே உருவத்தில் ஒரே கட்டடத்தில் சந்தித்துக்கொள்வது மொழி வாத்தியாருக்கு ஒரு விருந்து. முன்காலத்தில் கூவி விலை கேட்டார்கள். இப்போது நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில், வியாபாரிகள் ஆளுக்கொரு கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, சத்தமில்லாமல் விரலால் விலையை ஏற்றுகிறார்கள். மலைக்கு மேலே புற்றடியிலும், கீழே போடியிலும் இது நடக்கிறது. 2019-ஆம் வருஷம் ஒரு கிலோ 7,000 ரூபாய் வரை போனதை இன்னும் பெருமூச்சோடு பேசிக்கொள்கிறார்கள். ஏலம் தவிர இலவம்பஞ்சு, மாம்பழம், காப்பி என்று ஊருக்கு வேறு வாசனைகளும் உண்டு. ரயிலும் உண்டு, ஆனால் அதற்கு நிலையான புத்தி கிடையாது. 1928-இல் வந்தது, இரண்டாவது உலக யுத்தத்தின்போது தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள், சுதந்திரத்துக்குப் பிறகு மறுபடி போட்டார்கள், அகலப் பாதையாக்குவதற்காக 2010-ஆம் வருஷக் கடைசியில் நிறுத்தினார்கள், 2023 ஜூன் மாதத்தில் திரும்ப வந்தது. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சியின் சகவாசம்போல் இருக்கிறது!

காலை ஆறு மணிக்கு மலையடிவாரத்திலுள்ள முந்தலில் வண்டியை நிறுத்தித் தேநீர் சாப்பிட்டோம். அந்த வேளையில் அந்த இடத்தில் ஒரு ஜீப் ஊர்வலம் நடக்கிறது. போடியிலிருந்தும் சுற்று வட்டாரக் கிராமங்களிலிருந்தும் தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற பெண்கள். ஒரு ஜீப்பில் எண்ணிப் பார்த்தேன். பதினான்கு பேர் வரையில் எண்ணினேன், அதற்குள் வளைவில் மறைந்துவிட்டது. எல்லோர் மடியிலும் தூக்குவாளி. ஒருவரும் மலையைப் பார்க்கவில்லை. பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள்.

போடியிலிருந்து மெட்டு இருபத்தாறு கிலோமீட்டர். அந்த ஜீப்புகள் அதை ஒரு மணிக்குள் ஏறிவிடும். நாங்கள் நாலு மணி நேரம் எடுத்துக்கொண்டோம். கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் பதினேழு. புலியூத்து அருவியில் மழைக்காலத் தண்ணீர் நன்றாக விழுந்துகொண்டிருந்தது. அதன் சாரலில் ஒரு வானரக் குடும்பம் எங்களைவிட நிதானமாக உட்கார்ந்திருந்தது.

பாதி மலை ஏறினபின் ஒரு வளைவில் என் மனைவி வண்டியை நிறுத்தச் சொன்னாள். இறங்கிச் சுவரோரம் போய் நின்றாள். கீழே போடி முழுவதும் தெரிந்தது. மாந்தோப்புகள் கரும்பச்சை, தென்னை வேறு பச்சை, நடுவே ஊர், யாரோ சுண்ணாம்பைச் சிந்திவிட்டதுபோல் வெள்ளையாய் ஒரு திட்டு. அவ்வளவுதான். தெருவென்றும் வீடென்றும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

"எங்கள் தெரு எது?" என்று கேட்டாள்.

கோவிலைத் தேடினோம், பஸ் நிலையத்தைத் தேடினோம். இதுதான் என்று நான் ஒன்றைக் காட்டினேன். அது இல்லை என்றாள். பிறகு கொஞ்ச நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னாள்: "அம்மா விடியுமுன்னே போய்விடுவாள். போகும்போது எங்கள் மூன்று பேரையும் எழுப்பி, 'வெயிலில் தெருவில் சுற்றாதீர்கள். மேலேயிருந்து பார்த்துக்கொண்டேதான் இருப்பேன்' என்று சொல்லிவிட்டுப் போவாள். நாங்கள் நம்பினோம். மத்தியானம் வாசலுக்கு வந்தால்கூட மலையைப் பார்த்துவிட்டு உள்ளே ஓடிவிடுவோம். தம்பி ஒருநாள் கிணற்றுப் பக்கம் போய்விட்டு, அம்மா பார்த்திருப்பாள் என்று சாயங்காலம்வரை அழுதான்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் முக்கால் மணி நேரம் அங்கேயே நின்றாள். அதற்குள் ஆறேழு மோட்டார்கள் வந்து நின்று, தங்களைத் தாங்களே படம் பிடித்துக்கொண்டு போய்விட்டன. ஒரு பையன் என் மனைவியிடம், "கொஞ்சம் தள்ளி நில்லுங்கள் ஆன்ட்டி, வியூ மறைக்கிறது" என்றான். அவள் தள்ளி நின்றாள்.

அடுத்த பள்ளத்தாக்கில்தான் குரங்கணியும் கொட்டகுடியும் இருக்கின்றன. வெள்ளைக்காரத் தேயிலைத் தோட்டக்காரர்கள் ஒரு காலத்தில் மூணாற்றுத் தேயிலையைச் சிறிய ரயிலில் மலையுச்சிக்குக் கொண்டுவந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கவிட்டுக் கொட்டகுடிக்கு இறக்கினார்கள். பிறகு அது போடி வழியாகப் பிரயாணம் செய்து சீமைக்குப் போயிற்று. அந்த ரயிலை 1924-ஆம் வருஷத்துப் பெருவெள்ளம் அடித்துக்கொண்டு போய்விட்டது. தேயிலைப் பெட்டிகள் ஆகாயத்தில் சவாரி செய்த அதே நாட்களில், அந்தத் தேயிலையைக் கிள்ளுவதற்குச் சமவெளியிலிருந்து போன ஜனங்கள் மூட்டை முடிச்சுகளோடு இந்தச் சரிவுகளைக் காலால் ஏறினார்கள். அதே குரங்கணிச் சரிவில் 2018 மார்ச்சில் காட்டுத் தீயில் சிக்கி, மலையேறப் போன இளைஞர்களும் பெண்களுமாக இருபதுக்கு மேற்பட்டோர் மாண்டார்கள். அழகான மலை, ஆனால் விளையாட்டு மலை அல்ல.

போடிமெட்டில் தமிழ்நாடு முடிந்து கேரளம் தொடங்குகிறது. 1956-இல் ராஜ்யங்களைப் பிரித்தபோது தேவிகுளமும் பீர்மேடும் யாருக்கு என்று பெரிய வழக்கு நடந்து, அவை அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்தன. பனிக்கு மட்டும் இந்த விவரம் தெரியாது. சோதனைச் சாவடியை இரண்டு திசைகளிலும் அனுமதியில்லாமல் கடந்துகொண்டிருந்தது.

பூப்பாறைக்குப் போகும் வழியில் சாலையின் இருமருங்கிலும் ஏலக்காடு. காடு என்றே சொல்லவேண்டும். பெரிய மரங்களின் நிழல் இல்லாவிட்டால் ஏலம் பிழைக்காது. வாழ்நாளெல்லாம் பாயசத்தில் ஏலக்காய் சாப்பிட்ட நான், அது செடியின் உச்சியில் காய்க்குமென்றே எண்ணியிருந்தேன். ஆளுயரத்துக்கு மேல் வளரும் அந்தச் செடி, காயை மட்டும் காலடியில் வைத்திருக்கிறது. தூரிலிருந்து சரம் சரமாகக் கிளம்பித் தரையோடு படர்கிறது, அதில் ஊதாக் கோடு போட்ட வெள்ளைப் பூ, அதிலே காய். ஒரே சரத்தில் பூவும் பிஞ்சும் முதிர்ந்ததும் கலந்திருக்கும். முதிர்ந்ததை மட்டும் பார்த்துப் பார்த்துப் பறிக்கவேண்டும். பிஞ்சைப் பறித்தால் ஏச்சு, முதிர்ந்ததை விட்டால் நஷ்டம். நாற்பது நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை அதே செடிக்குத் திரும்பி வரவேண்டும். ஆகவே ஏலத்தோட்டத்தில் வேலை என்றால் நாள் முழுவதும் குனிந்திருப்பது என்று பொருள். குனிந்திருக்கிறவர் எப்படிக் கீழே ஊரைப் பார்ப்பார்?

ஒரு தோட்டக்காரர் அனுமதி கொடுத்தார். என் மனைவி ஒரு தூரின் முன்னால் உட்கார்ந்து, பக்கத்திலிருந்த அம்மாளிடம் கேட்டுக் கேட்டு ஒரு பிடி காய் பறித்தாள். அதில் பாதியை அந்த அம்மாள் பிஞ்சென்று தள்ளிவிட்டார். "உங்க அம்மா எந்தத் தோட்டம், தாயி?" என்று கேட்டார். "மேல்காடு என்று சொல்வாள்" என்றாள் என் மனைவி. அந்த அம்மாள் சிரித்துவிட்டார். "கீழேயிருந்து வாரவுக எல்லாத்துக்கும் அவுகவுக தோட்டம் மேல்காடுதான்" என்றார்.

பறித்த காயை 'ஸ்டோர்' என்று சொல்லுகிற உலர்த்தும் கட்டடத்தில் ஒரு நாள் முழுவதும் சூட்டில் வைக்கிறார்கள். ஐந்து கிலோ பச்சைக் காய் சுமார் ஒரு கிலோவாக வற்றிவிடுகிறது. பச்சை நிறம் மாறாமலிருந்தால் விலை. வெளுத்தால் விலை போயிற்று. தூர தேசத்துக் குவாதமாலாவில் நூறு வருஷங்களுக்கு முன்னால் ஒரு ஜெர்மானியத் தோட்டக்காரர் கொண்டுபோய் நட்ட ஏலம், இன்று அரபு நாட்டுச் சந்தையில் நம் ஏலத்தோடு போட்டி போடுகிறது. அங்கேயும் யாரோ குனிந்துகொண்டுதான் இருக்கவேண்டும்.

இரவு பூப்பாறையில் தங்கினோம். மறுநாள் ஆனையிறங்கல் அணைவரை போய், தண்ணீரையும் தேயிலைச் சரிவையும் பார்த்துக்கொண்டு மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தோம். ரேஷன் கடைகளை உடைத்து அரிசி தின்றதால் 'அரிக்கொம்பன்' என்று பெயர் வாங்கி, 2023-இல் நாடு கடத்தப்பட்ட யானையின் சொந்த ஊர் அது. மூணாறுக்குப் போகவில்லை. போடிமெட்டு வரை போய்விட்டு மூணாறு பார்க்காமல் வந்தவர்கள் இந்த உலகத்தில் நாங்கள் இரண்டு பேர்தான் என்று பூகோள ஆசிரியர் பின்னால் சொன்னார்.

சாயங்காலம் இறங்கினோம். மெட்டைத் தாண்டி நாலாவது வளைவில் ஒரு ஜீப் சக்கரம் பஞ்சராகி நின்றது. அதிலிருந்தவர்களை வேறு ஜீப்புகளில் அடைத்து அனுப்பிவிட்டு, இடமில்லாமல் இரண்டு பெண்கள் மட்டும் தூக்குவாளிகளோடு நின்றுகொண்டிருந்தார்கள். என் மனைவி கதவைத் திறந்தாள். வண்டிக்குள் ஏல வாசனை நிறைந்துவிட்டது. "அம்மா வந்துவிட்டாள் என்று எங்களுக்கு இதை வைத்துத்தான் தெரியும்" என்று என்னிடம் மெல்லச் சொன்னாள்.

இரண்டு வளைவுகள் ஆனபின் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது. "ஏன் சார், வண்டியில ஏதும் கோளாறா?"

"இல்லையே, நன்றாகத்தான் இருக்கிறது" என்றேன்.

"பெறகு ஏன் இம்புட்டு மெதுவாப் போறீக?"

"சுற்றிலும் பார்த்துக்கொண்டு போகிறோம், அம்மா."

"பாக்க என்ன சார் இருக்கு, மலைதான? சின்னவன் பள்ளிக்கூடம் விட்டு வந்து வாசல்ல உக்காந்திருப்பான். போயித்தான் ஒல வைக்கணும்."

என் மனைவி என் பக்கம் திரும்பி, "கொஞ்சம் வேகமாகப் போங்கள்" என்றாள். போனேன். இரண்டு நாளாகச் சேர்த்து வைத்திருந்த நிதானத்தையெல்லாம் முந்தலுக்கு வருமுன் செலவழித்துவிட்டேன். முதல் நாள் நாங்கள் முக்கால் மணி நின்ற வளைவையும் நிற்காமல் கடந்தோம்; பனி மூடியிருந்ததால் கீழே ஒன்றும் தெரியவில்லை.

போடியில் அவர்கள் தெருமுனையில் இறக்கிவிட்டபோது இருட்டிவிட்டது. தூக்குவாளியை எடுத்துக்கொண்டு இறங்கிய பெரியவள் ஜன்னலருகே குனிந்து, "நாளைக்கும் மேல வருவீகளா சார்? வந்தா ஆறு மணிக்கெல்லாம் இங்கனயே நிப்போம்" என்றாள்.