குழந்தையின் இடுப்பு: சூளைக்கு முன்னாடியே பாருங்க

விருத்தாசலம் பீங்கான் பேட்டைக்காரங்களுக்குத் தெரியும்: களிமண்ணைச் சூளைக்கு முன்னாடிதான் திருத்தலாம். கைக்குழந்தை இடுப்பும் அப்படித்தான்.

சில குழந்தைகளுக்குத் தொடை எலும்பின் பந்து இடுப்புக் குழியில் சரியா உட்காராது. வலிக்காது, குழந்தை அழாது. நாமதான் கவனிக்கணும். துணி மாத்தும்போது ஒரு கால் விரியலையா? வயித்துல பிட்டம் கீழே இருந்த குழந்தையா? உடனே காட்டுங்க.

கிராம சுகாதார செவிலியர் கண்டுபிடிக்கணும், குழந்தை மருத்துவர் சோதிக்கணும், ஸ்கேன் பார்க்கணும், எலும்பு மருத்துவர் பாவ்லிக் வார்ப்பட்டை மாட்டணும், அம்மாவுக்குப் பராமரிப்பு சொல்லித் தரணும். இதுல ஒருத்தர் "அப்புறம் பார்க்கலாம்"னு விட்டாலும் முதல் 6 மாதம் ஓடிடும். பிறகு மயக்க மருந்து, மாவுக்கட்டு, சிலருக்கு ஆபரேஷன்.

2013-ல் தொடங்கின ஆர்.பி.எஸ்.கே. திட்டப் பட்டியலில் இதுவும் இருக்கு. கேட்டு வாங்குங்க. குழந்தையின் காலை நீட்டி இறுக்கிச் சுத்தாதீங்க.